கவர்வழியும் வழித்துணையும்

மலாய் மொழியில் 'சிம்பாங்' என்னும் சொல் வழி பிரியும் இடத்தைக் குறிக்கும். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்திலுள்ள சிம்பாங் ரெங்கம் அப்பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்களுள் ஒன்று. தெற்கே ஜொகூர் பாருவையும் வடக்கே கோலாலம்பூரையும் இணைத்த பழைய பெருஞ்சாலையிலிருந்து இருப்புப்பாதை ஊராகிய ரெங்கத்துக்குச் சாலை பிரிந்த இடமே ஊராயிற்று. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வூர் வழியே சென்றோர் பலர். அவர்களுள் தைப்பூசத்துக்குப் பத்துமலை நோக்கிச் சென்ற அடியவர்களும் உண்டு.

மலாயர் 'சிம்பாங்' என்பதனைப் பழந்தமிழர் 'கவலை' என்றனர். கவர்த்த வழி கவலை. மனத்தின் வருத்தத்துக்கும் அதுவே பெயர். எவ்வழிச் செல்வது என்று அறியாது பிரிவழியில் நிற்பவனுடைய நிலையை நினைத்தால், இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியிருப்பது வியப்பன்று. அந்நிலையில் ஒருவனுக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, வழி அறிந்தவர் சொல்; மற்றொன்று, உடன் வருபவர் துணை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தமிழில் மிகத் தெளிவாக உணர்த்திய நூல் சிலப்பதிகாரம். அதனை உணராமையாலேயே அக்காப்பியத்தின் ஒரு பகுதி வகுப்பறையில் சிதைந்து கிடக்கிறது.

பொருளிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் பாலைத் திணைக்குச் சிலப்பதிகாரத்தை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு இழந்து, காண்பார் நடுங்கப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது அவ்விளக்கம். தொல்காப்பியர் நடுவுநிலைத் திணைக்குத் தனி நிலம் கூறாத குறையை இளங்கோவடிகள் நிரப்பினார் என்று மாணவர் எழுதி மதிப்பெண் பெறுவர். ஆயின் அச்சொற்கள் யார் வாயிற் பிறந்தன, யாரை நோக்கிப் பிறந்தன, ஏன் பிறந்தன என்று கேட்டால் விடை சொல்வார் சிலரே. அவை இலக்கண ஆசிரியன் கூற்று அல்ல. தலப்பயணம் வந்த ஒரு முதியவர், கோடையில் மெல்லியல் ஒருத்தியை நடத்திக்கொண்டு வந்த இளைஞனைக் கண்டு இரங்கிச் சொன்ன சொற்கள். இந்தக் காலத்திலா இவளை அழைத்து வந்தாய் என்னும் அங்கலாய்ப்பே அவற்றின் உயிர். அந்த அங்கலாய்ப்பை நீக்கிவிட்டு விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, பழத்தை எறிந்துவிட்டுத் தோலைப் பேணுவது போல்வதாம்.

எத்தனைக் காதம்?

புகாரிலிருந்து மதுரைக்குச் சென்ற வழியை நாடுகாண் காதை முதல் புறஞ்சேரி இறுத்த காதை வரை அடிகள் விரித்துரைக்கின்றார். இரண்டு காண்டங்களின் எல்லையைக் கடந்து செல்லும் பயணம் இது. புறப்பட்ட அன்றே, காவிரியின் வடகரையில் சிறிது தொலைவு நடந்த கண்ணகி, இளைத்த மூச்சோடு மதுரை மூதூர் எங்கே என்று கேட்கிறாள். கோவலன் நகைத்து, ஆறைங்காதம் என்கிறான். ஆறும் ஐந்தும் பெருக்கினால் 30. ஆறோ ஐந்தோ என்றும் அது செவியில் விழும். உண்மையைச் சொல்லியும் சொல்லாமலும் விட்ட அவ்விடையில் அவனது துயரம் அடங்கியிருக்கிறது.

புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரை இன்றைய அளவில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 30 காதம் எனக் கொண்டால் காதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆகும். நாளொன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்று அடிகள் கூறுவதும் மெல்லடி உடையாள் ஒருத்தியின் நடைக்குப் பொருந்துகிறது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து பத்துமலைக்கு உள்ள தொலைவு இதனினும் சிறிது குறைவு. இவ்வாறு அளந்து காட்டினால் மலேசிய மாணவனுக்குக் கண்ணகியின் கால்வலி ஏட்டுச் செய்தியாக நில்லாது.

பயணத்தின் முடிவில் இதே வினா மீண்டும் எழுகிறது. இம்முறை கேட்பவன் கோவலன். வழியிற் கண்ட பாணரோடு கலந்து, அவர்தம் யாழைத் திருத்தி இசைத்துப் பழகியபின், கூடல் இன்னும் எத்தனைக் காதம் என்று கேட்கிறான். மதுரையின் மணத்தைச் சுமந்து வரும் தென்றலைக் காட்டி, அண்மையில்தான் என்கின்றனர் அவர்கள். முதல் வினாவுக்குக் கணவன் தந்த விடை மறைப்பு. இரண்டாம் வினாவுக்கு அயலார் தந்த விடை ஆறுதல். இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையில் அவர்கள் சந்தித்த மனிதரே இப்பகுதியின் பொருள். மரமும் செடியும் மலையும் அவர்களுக்குப் பின்னே நிற்கும் திரை.

உடன் வந்தவர்

அம்மனிதருள் முதல்வர் கவுந்தியடிகள். அவர் வழிகாட்டியாகவோ காவலராகவோ புறப்பட்டவர் அல்லர். மதுரையிலுள்ள மாசற்ற கேள்வியரிடம் அறவுரை கேட்டு அறிவனை ஏத்த வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு முன்பே இருந்தது. எனவே அவரும் ஒரு தலப்பயணியே. கண்ணகியின் அடிகள் கரடு முரடான வழிக்கு ஆற்றா என்று கண்டவர், தடுத்தும் அவர்கள் நில்லார் என்று அறிந்து, நானும் வருகிறேன் என்று எழுகிறார். உறியும் கடிஞையும் மயிற்பீலியும் கொண்டு புறப்படுகிறார். தம் பயணத்தை அவர்கள் பயணத்தோடு சேர்த்துக்கொண்டது அந்த ஒரு சொல்லால்தான்.

சோலை வழியே சென்றால் என்ன இடர், வயல் வழியே சென்றால் என்ன இடர் என்று அவர் சொல்லும் அறிவுரையும் நுட்பமானது. மறைந்து கிடக்கும் குழியைப் பற்றி எச்சரிப்பவர், காலடியில் நசுங்கக்கூடிய சிற்றுயிரைப் பற்றியும் எச்சரிக்கிறார். வழி நடப்பவர்க்கு வரும் தீங்கும், வழி நடப்பவரால் வரும் தீங்கும் அவர் எண்ணத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. பின்னர் வழியில் கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசிய இருவரை நரிகளாகுமாறு சபிப்பவரும் இவரே. உயிர்க்கு ஊறு செய்யாத நோன்பு பூண்டவர், தம் துணையை இகழ்ந்தபோது பொறுக்கவில்லை. இது அவர் பாத்திரத்துக்கு முரண் என்று கூறுவாருண்டு. முரண்தான். ஆனால் அறம் ஒரு பக்கம், அன்பு ஒரு பக்கம் இழுக்கும் முரண். உடன் நடந்த சில நாளிலேயே அவர்கள் அவருக்கு அயலார் அல்லர் ஆயினர் என்பதை அடிகள் இவ்வாறு காட்டுகின்றார். அவர்கள் வேண்ட, 12 மாதத்தில் அச்சாபம் நீங்குமென்று அவர் இரங்குவதும் அதே அன்பின் பயனே.

வழி சொன்னவர்

உறையூரைக் கடந்து தெற்கே செல்லும்போது ஓர் இளமரச் சோலையில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். குடமலைப் பக்கத்து மாங்காட்டினன். அரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் காண வேண்டும் என்று வீட்டை விட்டு வந்தவன். பாண்டியனை வாழ்த்திக்கொண்டே வருகிறான். கோவலன் ஊரும் வந்த காரணமும் வினவி, மதுரைக்கு நல்வழி எது என்று கேட்கிறான். இரக்கத்தோடு தொடங்கும் மறையோனின் விடை நெடியது.

கொடும்பாளூர் நெடுங்குளத்தருகே வழி சிவபெருமானின் சூலம் போல மூன்றாகக் கவர்க்கும். வலப்பக்க வழி வறண்ட காடுகளினூடே சென்று சிறுமலையை ஒட்டிப் போகும். இடப்பக்க வழி திருமால் குன்றத்தை அணுகும். அங்கே பிலமும், புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகளும், வினாக்களுக்கு விடை கேட்டு வாயில் திறக்கும் தெய்வமகளும் உண்டு. நடுவழியே நல்வழி, ஆயின் அங்கும் மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று உண்டு. இவ்வாறு அவன் கூறும் வழிகள் நிலத்தோடும் பொருந்துகின்றன. இன்றும் திருச்சியிலிருந்து விராலிமலை வழியாக மதுரை செல்லும் பெருவழியில் கொடும்பாளூர் உள்ளது. திண்டுக்கல்லை அடுத்துச் சிறுமலை இருக்கிறது. மதுரைக்கு வடக்கே அழகர்மலை நிற்கிறது. நடந்து பழகியவர் சொல்லக் கேட்டவரே இவ்வாறு எழுத இயலும்.

இப்பகுதியைச் சமயப் பூசலாகக் கொள்வார் சிலர். மறையோன் பொய்கைகளின் பயனைக் கூற, கவுந்தியடிகள் ஒவ்வொன்றையும் மறுக்கிறார். இந்திரன் நூல் எம் அருகன் மொழிந்த ஆகமத்திலேயே உண்டு. முற்பிறப்பின் வினையை இப்பிறப்பிலேயே காணலாம். வாய்மையின் வழுவாது உயிர் ஓம்புவார்க்கு எய்த அரிய பொருள் இல்லை என்பது அவர் மறுமொழியின் சாரம். சமண நூலாசிரியர் வைணவனை வாதில் வென்ற இடம் இது என்பது அவர் கொள்கை.

அவ்வாறு கொள்வதற்குக் காப்பியம் இடந்தரவில்லை. வெல்வதே நோக்கமாயின், அரங்கத்தின் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தின் நின்ற கோலத்தையும் அத்தனைப் பேரழகோடு பாடும் வாய்ப்பை எதிரிக்கு ஆசிரியர் ஏன் அளித்தார்? தோற்கவேண்டியவனுக்கு எந்தப் புலவனும் தன் சிறந்த அடிகளைக் கொடுப்பதில்லை. வாதம் முடிந்தபின் நிகழ்வதும் நோக்கத்தக்கது. நீ விரும்பிய தெய்வத்தைப் பணியச் செல்; நாங்கள் எங்கள் வழியே செல்கிறோம் என்று கூறிக் கவுந்தியடிகள் விடைகொடுக்கிறார். அவர் பொய்கையை மறுத்தாரே அன்றி வழியை மறுக்கவில்லை. மறையோன் நல்வழி என்ற நடுவழியிலேயே மூவரும் செல்கின்றனர். கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலை வடிவில் வந்து மயக்க முயன்றபோது கோவலனைக் காத்ததும் அவன் எச்சரிக்கைதான். கொள்கையில் ஒவ்வாதவரின் சொல்லை நம்பி வழி நடப்பதே சமயப் பொறையின் நடைமுறை உருவம்.

இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் சந்நிதியிலிருந்து கீழ்க்கரையோரமாக உகந்தை சென்று, யால காட்டைக் கடந்து கதிர்காமம் சேரும் பாத யாத்திரையில் இவ்வுருவத்தை இன்றும் காணலாம். அத்தலத்துக்குச் சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் வேடரும் வருகின்றனர். கடவுளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லினும், அடுத்த தண்ணீர்த்துறை எங்கே என்னும் வினாவுக்கு விடை ஒன்றுதான்.

ஆற்றுப்படையும் காப்பியமும்

வழியிடைச் சந்திப்பு தமிழுக்குப் புதியதன்று. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்று தொல்காப்பியம் இதன் மாந்தரை வகுத்தது. பின்னர் அவ்வடிவம் அடியவர்க்கும் உரியதாகி, 317 அடிகளால் அமைந்த திருமுருகாற்றுப்படை ஆயிற்று. மலைபடுகடாம் இவற்றுள் வழியை மிக நுணுகிக் கூறுவது. வழி தெரியாத புதியவர்கள் கவர்வழிகளில் பொய்வழியை விலக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவேண்டும் என்று அதிற் கூத்தன் அறிவுறுத்துகிறான். அது பின்னே வருபவர்க்காக. முகம் அறியாத ஒருவனுக்காகக் கைப்பிடிப் புல்லை முடிந்துவிட்டுப் போகும் மனிதனைக் காட்டியது பத்துப்பாட்டின் பெருமைகளுள் ஒன்று.

ஆயினும் ஆற்றுப்படையில் வழி கூறுவோன் தன் வழியே போய்விடுகிறான். கேட்டவன் சென்றடைந்தானா, பரிசில் பெற்றானா என்பது பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம்பிக்கையே அவ்வடிவத்தின் முடிவு. இளங்கோவடிகள் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் சென்றார். வழி கேட்டவன் ஊர் அடைந்த பின் என்ன ஆயிற்று என்று காட்டினார். அங்கேதான் வழி சொன்னவர்க்கும் உடன் வந்தவர்க்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது.

திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடத்தைப் பகிர்ந்துகொண்டபோது நான்காமவர் ஒருவர் நெருக்குவதை அவர்கள் உணர்ந்தனர் என்பது வைணவ மரபு. அங்கே உடன்வந்தோரின் நெருக்கத்தில் இறைவன் வந்தான். சிலப்பதிகாரத்தில் அந்நெருக்கத்தில் வந்தது ஊழ். இரண்டிலும் நெருக்கமே வாயில்.

ஊர் அறியாத வழி

மாங்காட்டு மறையோன் கூறியவற்றுள் ஒன்றும் பொய்யன்று. நடுவழி நல்வழியாகவே இருந்தது. தெய்வம் சொன்னபடியே வந்தது, சொன்னபடியே நீங்கியது. ஆனால் அவ்வழி கொலைக்களத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பாண்டியன் செங்கோலை அவன் வாழ்த்திக்கொண்டு வந்தான். அந்நாட்டில் விலங்கும் பாம்பும் பேயும்கூட வழிச்செல்வாரை வருத்தா என்று கோவலனே கூறி, இரவில் நிலவொளியில் நடக்கக் கவுந்தியடிகளின் இசைவைப் பெற்றான். காட்டிலுள்ள ஒவ்வோர் இடரையும் எண்ணி எச்சரித்தவர்கள், கோட்டைக்குள் இருந்த இடரை எண்ணவில்லை. கரடியும் புலியும் செய்யாததை ஒரு பொற்கொல்லனின் சொல்லும், ஆராயாத அரசனின் சொல்லும் செய்தன. காட்டை இத்தனை விரிவாக அடிகள் ஏன் பாடினார் என்னும் வினாவுக்கு இதுவே விடை. காடு அச்சந்தரும் இடமாக வளர வளர, நகரம் அரணாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பியே மூவரும் விரைந்தனர். கற்போரும் அவர்களோடு விரைகின்றனர்.

புறஞ்சேரியில் மூன்றாவது தலப்பயணி வருகிறான். பொதியிலை வலம்வந்து குமரியாடி மீளும் தலைச்செங்கானத்து மாடல மறையோன் அவன். கோவலன் முன்பு செய்த நன்மைகளை எடுத்துக் கூறி இரங்குகிறான். கோவலன் தான் கண்ட தீக்கனவைச் சொல்லியும், துறவோர் உறையும் இவ்விடம் இல்லறத்தார்க்குத் தகாது, கதிர் மறையுமுன் மதுரைக்குள் புகுக என்று மாடலனும் கவுந்தியடிகளும் ஒருங்கே சொல்கின்றனர். கண்ணகியை இடைக்குல மடந்தை மாதரியிடம் கவுந்தியடிகள் அடைக்கலம் தருகிறார். யாவும் நல்லெண்ணத்தால் நிகழ்ந்தவை. யாவும் அழிவுக்கு ஒவ்வொரு படி.

இவர்களுக்குப் பின் என்ன ஆயிற்று என்பதை அடிகள் உடனே கூறவில்லை. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையில், செங்குட்டுவன் முன் மாடலன் வாயால் கூறுவிக்கின்றார். அடைக்கலம் காத்திலேன் என்று மாதரி எரியிற் புகுந்தாள். தம்மோடு கூடியதாலோ இவர்தம் வினை முதிர்ந்தது என்று தம்மையே வினவிய கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். மாடலன் புகார் சென்று சொன்ன செய்தியைக் கேட்டுச் சிலர் இறந்தனர், சிலர் துறந்தனர். தன் வாய்ச்சொல்லால் நேர்ந்த பழி நீங்கவே கங்கையாட வந்ததாக அவன் கூறுகிறான். அவன் சொன்ன காரணம் புகாரில் நேர்ந்ததைப் பற்றியதுதான். ஆயினும் நகருக்குள் புகுக என்று சொன்ன இருவரும் பின்னர் அமைதி பெறவில்லை என்பதைக் கற்போர் காணாதிருக்க முடியாது. ஒருவர் உயிரைக் கொடுத்தார்; ஒருவர் மீண்டும் வழிநடையானார்.

மாங்காட்டு மறையோனோ காப்பியத்தில் பிறகு வரவே இல்லை. அவன் வேங்கடம் நோக்கிப் போய்விட்டான். தன்னிடம் வழி கேட்ட இளைஞனும் அவன் மனைவியும் நலமாக மதுரை சேர்ந்திருப்பர் என்றே எண்ணியிருப்பான். அவன்மீது பழியில்லை. வழி சொல்வதோடு அவன் கடன் முடிந்தது. உடன் வருகிறேன் என்று எழுந்த கவுந்தியடிகளின் கடன் அவ்வாறு முடியவில்லை. கோவலன் வினைக்கு அவர் காரணர் அல்லர். சாரணர் வாயால் வினையின் வலிமையைக் கேட்டவர். துன்பத்தை அமைதியோடு நோக்கும் நெறியில் நின்றவர். எனினும் துணைவந்தவர் தம் கணக்கை வேறாக எழுதிக்கொள்ள இயலவில்லை. ஊழ் என்னும் கோட்பாட்டை வலியுறுத்தும் நூலில், ஊழைக் காட்டித் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ளாத ஒருவரை அடிகள் படைத்திருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளருள் பலர் கங்காணி காட்டிய வழியில் வந்தவர். ஆள் திரட்டிய கங்காணிகளுள் உறவினராய் உடன் உழைத்தவரும் உண்டு. தலைக்கணக்கு வாங்கியதோடு முடித்துக்கொண்டவரும் உண்டு. இந்திய அரசு 1938இல் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது வரை அம்முறை நீடித்தது. வழி காட்டியவனையும் வழித்துணையானவனையும் பிரித்தறியும் கண் அத்தலைமுறையின் பட்டறிவில் இருந்தது. அவர்தம் பேரப் பிள்ளைகள் கவுந்தியடிகளைப் படிக்கும்போது அக்கண்ணைத் திறந்துவைப்பது ஆசிரியரின் பணி.

ஆதலின் காடுகாண் காதையைக் கற்பிப்போர் பாலையின் இலக்கணத்தை எடுத்துக்காட்டுமுன், அதைச் சொன்ன முதியவரை முதலில் மாணவர் கண்முன் நிறுத்துதல் நன்று. கால் நோவ நிற்கும் பெண்ணும், வழி அறியாத கணவனும், பேசாது கேட்டிருக்கும் துறவியும் அவனைச் சூழ நிற்கட்டும். மூன்று வழிகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். வரைந்தபின், இவர்களுள் யார் கடைசிவரை உடன் வந்தவர் என்று வினவலாம்.

1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையுற்ற பின், பத்துமலைக்குச் செல்லும் வண்டிகள் சிம்பாங் ரெங்கத்தின் பழைய சந்தியைத் தொடாமலே விரைகின்றன. வழி கேட்க எவரும் இறங்குவதில்லை. கைப்பேசி வழி சொல்லிவிடுகிறது. மாங்காட்டு மறையோன் செய்த பணியைக் கருவி செய்யக் கற்றுக்கொண்டது. கவுந்தியடிகள் செய்ததை அது செய்யாது.